பதினோராம் கிணறும் இருபத்தாறாம் கிணறும்

"பதினொண்டும் இருபத்தாறும் ஒரே மாதிரி இருக்காம், சேர்."

"எது பதினொண்டு?"

"கிணறு. நீர்வேலியிலை நாங்கள் பாத்த நாப்பது கிணத்திலை பதினோராவதும் இருபத்தாறாவதும்."

"இருந்திட்டுப் போகட்டுமே. ஒரே ஊர்த் தண்ணிதானே."

"ஒரு மாதம் எண்டால் பரவாயில்லை, சேர். பன்னிரண்டு மாதமும். ஒண்டு ஏறேக்கை மற்றதும் ஏறுது. ஒண்டு இறங்கேக்கை மற்றதும் இறங்குது. இரட்டைப் பிள்ளையள் மாதிரி."

பேராசிரியர் அடைக்கலநாதன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இளம் விரிவுரையாளர் ஜெயனி நின்றபடியே கைத்தொலைபேசியை நீட்டினாள். கதிரையில் இருக்கச் சொல்லியும் அவள் இருக்கவில்லை.

மின்னஞ்சல் காலை ஐந்தரைக்கு வந்திருந்தது. அவர்களுடைய கட்டுரையை வெளியிட்ட வெளிநாட்டு ஆய்விதழ் அனுப்பியது. வாசகர் ஒருவர் இந்த இரண்டு கிணறுகளையும் சுட்டிக்காட்டியிருக்கிறார். இருபத்தொரு நாட்களுக்குள் களக் குறிப்புப் புத்தகத்தின் படிகளோடு விளக்கம் தரவேண்டும். விளக்கம் போதாவிட்டால் கட்டுரை மீளப்பெறப்படும். உங்கள் நிறுவனத்துக்கும் அறிவிக்கப்படும். மரியாதையான சொற்கள். எங்கேயும் 'பொய்' என்ற சொல் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"உம்மை நிரந்தரமாக்கிற நேர்முகம் எப்ப?"

"வாற மாதம் பதினெட்டு, சேர்."

"ம்."

மூன்று வருடத் தகுதிகாண் காலம். அது முடியும்போது இரண்டு கட்டுரைகளாவது வெளிவந்திருக்க வேண்டும். அவளிடம் சரியாக இரண்டு இருந்தன. அதில் ஒன்று இது: வாழைத் தோட்டத்தை அண்டிய கிணறுகளைவிட வெங்காயத் தோட்டத்தை அண்டிய கிணறுகளில், உரத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது என்பது.

"நீர் பயப்பிடாதையும். குறிப்புப் புத்தகம் வெள்ளத்திலை போயிட்டுது எண்டு எழுதும்."

"சேர்?"

"போன மாரி வெள்ளம் உண்மைதானே? இஞ்சை கீழ்த்தட்டு முழுக்க நிண்டது. ஆர் வந்து பாக்கப் போறான்?"

"புத்தகம் என்ரை மேசை லாச்சியிலை இருக்கு, சேர்."

"அது உமக்கும் எனக்கும்தானே தெரியும்."

"றமேஸ் அண்ணைக்கும் தெரியும்."

பேராசிரியர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"தண்ணி எடுத்தது றமேஸ்தானே? பிறகென்ன. வெய்யிலுக்கை ஆர் ரெண்டு ஒழுங்கை சுத்துவான்? ஒரு கிணத்திலை அள்ளி ரெண்டு போத்திலிலை விட்டிருப்பான். ஆய்வுகூட உதவியாளர் செய்த பிழை எண்டு நாலு வரி எழுதினால் முடிஞ்சுது."

அந்த நினைப்பு அவளுக்கும் வராமலில்லை. காலை ஐந்தரையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏலாது, சேர். கட்டுரையிலை ஒரு வரி இருக்கு. 'நீர் மாதிரிகள் யாவும் கட்டுரையாளர்களால் நேரில் சேகரிக்கப்பட்டன.'"

"அதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"நீர் எத்தினை தரம் போனீர்?"

"முதல் மாதம். வாழைத்தோட்டப் பக்கம் மட்டும். பிறகு பிள்ளை பிறந்து... பிறகு படிப்பிக்கிற வேலை."

"நானும் போகேல்லை." அவர் சிரிக்கப் பார்த்தார். "அப்ப றமேஸிலை போட்டால் அது திரும்பி எங்களிலைதான் வந்து விழும். வெள்ளம்தான் நல்லது."

கோப்பையை மறுபடி எடுத்தார்.

"எனக்கு அறுபது வர இன்னும் எட்டு மாதம், ஜெயனி. பெடியள் மணிவிழா மலர் அடிக்கினம். அதுக்குள்ளை இது வேண்டாம்."

*

றமேஸ் ஆய்வுகூடத்துத் தொட்டியடியில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம். இருபத்தாறு வருடமாக ஒரே சாம்பல் நிறக் காற்சட்டை என்று மாணவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

"அண்ணை, ஒரு கதை கேக்கவேணும். கோவிக்கக் கூடாது."

"கோவிக்கக் கூடாது எண்டு தொடங்கினாலே கோவிக்கிற கதைதான், மிஸ். சொல்லுங்கோ."

"பதினோராம் கிணத்துக்கும் இருபத்தாறாம் கிணத்துக்கும் நீங்கள் மாதாமாதம் போனனீங்களோ?"

"போனனான்."

"ரெண்டுக்கும்?"

தண்ணீர்க் குழாயை றமேஸ் பூட்டினார்.

"ரெண்டு படலையாலையும் உள்ளுக்குப் போனனான். ரெண்டு நாயும் என்னைப் பாத்துக் குலைச்சது. ஒண்டு கடிக்கவும் வந்தது. ஏன்?"

அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"சேர் என்ன சொல்லுறார்?"

அவள் கழுவின போத்தலொன்றை எடுத்து வரிசையில் வைத்தாள்.

"விளங்குது. மிஸ், உந்தப் பேப்பர் வந்தண்டைக்கு நீங்கள் எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தனீங்கள். நானும் சந்தோசமாத் திண்டனான். பேப்பரிலை என்ரை பேர் இருக்கே எண்டு நான் கேக்கேல்லை. இப்ப பிழையிலை மட்டும் என்ரை பேரைப் போடப் போறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, அண்ணை."

"சொல்லேல்லை. ஆனால் என்ரை முகத்தைப் பாத்து, களவு இருக்கோ எண்டு தேடுறியள்." அவர் துணியைக் கம்பியில் போட்டார். "இந்த வயசிலை ஒரு விசாரணை வந்தால் பென்சனை நிப்பாட்டி வைப்பாங்கள். முடியிறதுக்கிடையிலை நான் முடிஞ்சிடுவன். சனிக்கிழமை வாங்கோ. கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

*

மானிப்பாய் வீட்டில் சனிக்கிழமைவரை அவள் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினாள். தொலைபேசி முனகினால் பிள்ளையைக்கூட இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

"உன்னை என்ன, மறியலிலை போடப் போறாங்களே?" என்றான் கணவன் றொஷான்.

"மறியல் எண்டால் ஒரு நாளைக்கு விடுவாங்கள். உந்த ஆய்விதழ்க்காரர் கட்டுரையை அழிக்கிறேல்லை, றொஷான். அப்பிடியே வைச்சு, அதுக்கு மேலை குறுக்காலை 'மீளப்பெறப்பட்டது' எண்டு சிவப்பிலை போடுவினம். என்ரை பேரைத் தேடுற எல்லாருக்கும் முதல் அதுதான் வரும். நான் செத்தாலும் வரும்."

"நீ ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

"போகாத இடத்துக்குப் போனனான் எண்டு எழுதினனான்."

றொஷான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனான்.

*

றமேசின் மோட்டார் சைக்கிள் முன்னே போக, ஜெயனியின் ஸ்கூட்டி பின்னே போனது. நீர்வேலியில் செம்மண் ஒழுங்கைக்குத் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் வாழைக் குலைகளுக்கு உரப்பை கட்டியிருந்தது. வாழை முடிந்து வெங்காயப் பாத்திகள் தொடங்கிய இடத்தில், ஒரு பச்சைப் படலையில் றமேஸ் மணி அடித்தார்.

"இது பதினொண்டு. நாகேஸ்வரி அம்மா வீடு."

நாகேஸ்வரிக்கு அறுபத்தைந்து இருக்கும். தலையில் துவாய் கட்டியிருந்தார்.

"ஆர், தண்ணிக்காரத் தம்பியோ? கனநாளாக் காணேல்லை. இது ஆர், பெண்சாதியோ?"

"ஐயோ அம்மா, இவ கம்பஸிலை படிப்பிக்கிற மிஸ். இவதான் இந்தத் தண்ணி ஆராய்ச்சிக்குப் பெரியாள்."

"பெரியாளை இண்டைக்குத்தான் காணுறன். வாங்கோ பிள்ளை."

கிணறு வளவின் பின்கோடியில் இருந்தது. ஜெயனி முதலில் கண்டது கிணற்றையல்ல, தகரத்தை. எல்லை வேலி தகரத்தில் வந்து, கிணற்றுக் கட்டில் ஏறி, கிணற்று வாய்க்கு நடுவால் குறுக்கே போய், மறுகட்டில் இறங்கி அப்பால் போயிற்று. இந்தப் பக்கம் தெரிந்தது அரைவட்டம்.

றமேஸ் வாளியை விட்டார். கப்பி கிரீச்சிட்டது. கீழே தண்ணீர் சளாரென்றது. உடனே தகரத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரல்:

"ஆர் அங்காலை வாளி விடுறது? நான் மோட்டர் போடப் போறன், கலக்காதையுங்கோ!"

ஜெயனி கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தகரம் தண்ணீர்வரை இறங்கவில்லை. கட்டுக்குக் கீழே ஒரே வட்டம், ஒரே தண்ணீர். அதற்குள் றமேசின் வாளியும் அந்தப் பக்கத்து மோட்டர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அது ஆரம்மா?"

"மெதுவாக் கதை, பிள்ளை. அவள் என்ரை தங்கச்சி, கனகமலர். பதினொரு வருசமா நான் அவளோடை கதைக்கிறேல்லை. அவளுக்குப் படலை அங்காலை ஒழுங்கையிலை."

"அப்ப இது ரெண்டு பேருக்கும் ஒரே கிணறு."

"ஆர் சொன்னது?" நாகேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது அவளின்ரை கிணறு. இது என்ரை கிணறு. அப்பு எங்களுக்குச் சீதனம் எழுதேக்கை பிரிச்சு எழுதினவர். காணி உறுதியைக் கொண்டந்து காட்டட்டே?"

"வேண்டாமம்மா." ஜெயனி திரும்பினாள். "றமேஸ் அண்ணை, உங்களுக்கு இது தெரியுமே?"

"தெரியும், மிஸ். பங்குக் கிணறு. ஊருலகத்திலை இல்லாததே? நீங்கள் தந்த தாளிலை 'கிணற்றுச் சொந்தக்காரர்' எண்டுதானே கிடந்தது. ரெண்டு சொந்தக்காரர். ரெண்டு உறுதி. ரெண்டு முகவரி. ரெண்டு இலக்கம் போட்டன்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை."

"நீங்கள் கேக்கேல்லை. வந்திருந்தால் கண்டிருப்பியள்."

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. வாளியைத் தூக்கியபடி, இன்றைக்கு வெய்யில் என்பதுபோலச் சொன்னார். ஜெயனி உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்துவிட்டாள். ஒரு நிமிடம் நெஞ்சுக்குள் காற்று வந்தது. யாரும் எதையும் புனையவில்லை. எண்கள் ஒன்றுபோல இருந்தது தண்ணீர் ஒன்று என்பதால்தான். அடுத்த நிமிடமே அந்தக் காற்று நின்றது.

"இதைப்போலை வேறை எத்தினை, அண்ணை?"

றமேஸ் விரல் மடித்தார். "நாலும் ஒன்பதும். பதினாலும் முப்பதும். பிறகு அந்தக் கோயிலடிச் சகோதரங்கள்..." மடித்துக்கொண்டே போனார். "இதோடை ஏழு சோடி, மிஸ். எல்லாம் வெங்காயத் தோட்டப் பக்கம். அங்கைதான் காணி துண்டு துண்டாப் போனது."

நாற்பது கிணறுகள் முப்பத்துமூன்றாயின.

"என்ன பிள்ளை, முகம் வெளிறிப் போச்சு? தண்ணி இன்னும் பழுதாகிட்டுதோ?"

"இல்லையம்மா. கைக்குழந்தைக்குக் குடுக்க வேண்டாம் எண்டு முதல் தந்த துண்டிலை இருந்ததுதான். அதிலை மாற்றமில்லை."

நாகேஸ்வரி தகரத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவளின்ரை மோள் பிள்ளை பெத்துக்கொண்டு வந்து நிக்கிறாள். பிள்ளைக்கு இந்தத் தண்ணியிலை பால்மாக் கரைக்கினமோ எண்டு ஒருக்கால் கேள். நான் கேட்டதெண்டு சொல்லாதை."

ஜெயனி கூப்பிட்டுக் கேட்டாள். "போத்தில் தண்ணிதான் வாங்கிறம், தங்கச்சி!" என்று பதில் வந்தது. பிறகு, "கேக்கச் சொன்னவவுக்கும் சொல்லுங்கோ!"

றமேஸ் சிரித்தார். ஜெயனியால் சிரிக்க முடியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் அவள் கணக்கிட்டாள். ஏழு கிணறுகளை எடுத்ததும் வாழைக்கும் வெங்காயத்துக்கும் இடையிலிருந்த வித்தியாசம் கரைந்துபோயிற்று. இரண்டாம் முறையும் அதுதான் வந்தது. கட்டுரையின் தலைப்பே இனி நிற்காது. திங்கள் காலை பேராசிரியரிடம் போனாள்.

அவர் கேட்டுவிட்டு மேசையில் தட்டினார். ஒரு கிழமைக்குப் பிறகு அவர் முகத்தில் இரத்தம் ஓடியது.

"அப்ப ஒருத்தரும் புனையேல்லை! பெரிய நிம்மதி. அதை எழுதும். பதினொண்டும் இருபத்தாறும் ஒரே கிணறு, தவறுதலா ரெண்டாப் பதிஞ்சிட்டம். ஒண்டை எடுத்திட்டால் முப்பத்தொன்பது. முடிவு மாறாது. சின்னத் திருத்தம் போட்டு விட்டிடுவினம்."

"மற்ற ஆறு சோடி, சேர்?"

"அதை அவங்கள் கேட்டவங்களே?"

கேட்கவில்லைதான். மற்ற ஆறு சோடிக்கும் றமேஸ் வெவ்வேறு கிழமைகளில் தண்ணீர் எடுத்திருந்தார். எண்கள் விலகியே நின்றன. உலகத்தில் எவராலும் மேசையில் இருந்தபடி அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதை ஜெயனி இரவெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். யோசித்ததற்காகத் தன்னையே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நான் ஏழையும் எழுதப் போறன், சேர். கட்டுரையை நாங்களே மீளப்பெறுறம் எண்டு கேக்கப் போறன். 'நேரில் சேகரிக்கப்பட்டன' எண்ட வரியும் பொய் எண்டு எழுதவேணும். சேகரிச்சது றமேஸ் அண்ணை எண்டும்."

"விசரே உமக்கு? பிழையை ஒப்புக்கொண்டால் பிழை எண்டுவாங்கள். அந்த வரியை ஒப்புக்கொண்டால் மோசடி எண்டுவாங்கள். ரெண்டும் ஒண்டில்லை."

"தெரியும், சேர். அதுதான் பயமாக் கிடக்கு."

"அப்ப என்ரை பேரை விட்டிட்டு எழுதும்."

"ஏலாது. கட்டுரையிலை ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் பிரதி போகும். உங்கடை சம்மதத்தையும் கேப்பினம்."

அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

"பதினெட்டாந் தேதி அந்த மேசையிலை நானும் இருப்பன், ஜெயனி. அதையும் மறந்திடாதையும்."

கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் மிகக் கடினமாக இருந்தது தன் பிழையை எழுதுவதல்ல. ஒரு கிணற்றுக்கு நடுவே ஏன் தகரம் நிற்கும் என்பதைக் கடலுக்கு அப்பாலிருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது. படமொன்றும் வரைந்து இணைத்தாள். களப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் இணைத்தாள். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு றமேசைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, இதிலை உங்கடை பேர் இருக்கு. பிழை உங்களிலை இல்லை எண்டு எழுதியிருக்கு. தாளைப் பிழையாத் தயாரிச்சது நான் எண்டு. அனுப்பட்டே?"

"இங்கிலீசிலை என்னவும் எழுதலாம், மிஸ். தமிழிலை வாசியுங்கோ."

அவள் வரிக்கு வரி தமிழில் சொன்னாள். அவர் கடைசிவரை நின்று கேட்டார்.

"அனுப்புங்கோ."

*

பதில் பதினாறாந் தேதி வந்தது. அதுவரை பதினைந்து நாட்கள் பேராசிரியர் நடைபாதையில் அவளைக் கண்டும் காணாமல் போனார்.

ஜெயனி ஆய்வுகூடத்தில், றமேஸ் பக்கத்தில் இருக்கும்போதுதான் அதைத் திறந்தாள். கட்டுரை மீளப்பெறப்படுகிறது. அறிவித்தலின் வாசகம் கீழே: 'ஒரே கிணறு இரண்டு உரிமையாளர்களின் பெயரில் இருமுறை எண்ணப்பட்டது ஏழு தடவை நிகழ்ந்துள்ளது. முதலாம் கட்டுரையாளர் இதைத் தாமே முழுமையாக அறிவித்தார். தரவுகள் புனையப்பட்டதற்குச் சான்று இல்லை. சேகரித்தவர் பற்றிய கூற்று உண்மைக்கு மாறானது. மாதிரிகளைச் சேகரித்தவர் செ. றமேஸ். இரண்டாம் கட்டுரையாளரிடமிருந்து பதில் கிடைக்கவில்லை.'

"எங்கை என்ரை பேர்?"

அவள் காட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கி எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"பேப்பர் சாகேக்கைதான் எனக்குப் பேர் வந்திருக்கு, மிஸ்."

பதினெட்டாந் தேதி, நீளமான அந்த மேசையில் ஐந்து பேர் இருந்தார்கள். பேராசிரியர் ஓரத்தில் இருந்தார். அறிவித்தலின் பிரதியை ஜெயனியே எல்லோருக்கும் முன்னால் வைத்தாள்.

"அப்ப உங்களிட்டை ஒரு கட்டுரைதான் இருக்கு," என்றார் குழுத் தலைவர்.

"ஓம்."

"'உண்மைக்கு மாறானது' எண்டு இதிலை போட்டிருக்கே?"

"ஓம். அது நான் எழுதின வரி."

தலைவர் ஓரத்துக்குத் திரும்பினார். "பேராசிரியர், இரண்டாம் கட்டுரையாளர் நீங்கள்தானே? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான் அதை இன்னும் வாசிக்கேல்லை," என்றார் அடைக்கலநாதன். தாள் அவருக்கு முன்னால்தான் கிடந்தது. தாளின்மேல் அவருடைய கை கிடந்தது.

முடிவை அன்று மாலையே சொன்னார்கள். நிரந்தரமாக்கவில்லை. தகுதிகாண் காலம் ஒரு வருடம் நீடிக்கப்படுகிறது. அதற்குள் இன்னொரு கட்டுரை வராவிட்டால் வேலை இல்லை. அந்த வரியைப் பற்றி எழுத்தில் ஒரு கண்டிப்பும் அவளது கோப்பில் இருக்கும்.

அவள் ஆய்வுகூடத்துக்கு வந்தபோது மேசையில் போத்தல்கள் வரிசையாகக் கவிழ்த்திருந்தன. எண்ணிப் பார்த்தாள். முப்பத்துமூன்று. ஒவ்வொன்றிலும் புது ஒட்டுத்தாள். சொந்தக்காரர் பெயர் இருந்த இடத்தில் இப்போது கிணற்றின் இலக்கம் மட்டும் இருந்தது.

"என்னவாம், மிஸ்?"

"ஒரு வருசம் தந்திருக்கினம்."

"போதுமே?"

"தெரியாது, அண்ணை. பன்னிரண்டு மாதமும் தண்ணி எடுத்து முடியேக்கை வருசமும் முடிஞ்சிடும்."

"பயமாக் கிடக்கே?"

"ஓம்."

"எனக்கும்தான். அந்த ரெண்டாவது படலை நாய் இன்னும் சாகேல்லை." றமேஸ் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். "சனிக்கிழமை ஆறரைக்கு நீர்வேலிச் சந்தியிலை நில்லுங்கோ. பிந்தினால் நான் போயிடுவன்."

"நிப்பன்," என்றாள் ஜெயனி. பேனாவை எடுத்து முதற் போத்தலின் ஒட்டுத்தாளில், சேகரித்தவர் என்ற இடத்தில், இரண்டு பெயர்களை எழுதினாள்.